சீமைக்கருவேலத்துக்குச் சடங்கு

நரிப்பொட்டல் கண்மாய்க்கரையில் நின்ற பெரிய சீமைக்கருவேல மரத்தைச் சேதுராக்கு கோடாலியால் கொத்தியபோது அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. பால் இல்லை, பிசின் இல்லை, தண்ணீர், குடிக்கிற தண்ணீர். ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, அவளோடு நூறு நாள் வேலைக்கு வந்த மற்றப் பெண்கள் பதினோரு பேரும் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், அவள் போட்ட ஐந்தாவது வெட்டுக்கு, இடுப்பு உயரத்தில் மரம் வாயைத் திறந்து அவள் முகத்திலும் மாரிலும் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. யாரும் பயந்து ஓடவில்லை. பதினோரு பேரும் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த கஞ்சியை மடக்மடக்கென்று குடித்துவிட்டு வெறும் சட்டியை மரத்தடியில் ஏந்தினார்கள். அந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற வழக்கம் ஒழிந்து பல வருடம் ஆகிவிட்டது. லாரியில் வந்தாலும் பிடித்துக்கொள்வார்கள், மரத்தில் வந்தாலும் பிடித்துக்கொள்வார்கள்.

சேதுராக்கு மட்டும் சட்டியை ஏந்தவில்லை. முகத்தில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். நாக்கின் ஓரத்தில் லேசாய்ப் பிடித்தது. அந்தப் பிடிப்பு அவளுக்குத் தெரியும். கண்மாய்க்கரைக்கு இந்தப் பக்கம் அவளுக்கு அறுபது சென்ட் புஞ்சையும் அதில் ஒரு கிணறும் உண்டு. சுக்கான்பாறையை உடைத்து அவளும் அவள் புருஷன் மூக்கையாவும் இரண்டு கோடை முழுக்கத் தோண்டிய கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும்தான் அந்தப் பிடிப்பு.

"இது என் கெணத்துத் தண்ணி" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம், சேதுராக்கோடு ஒரே நாளில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், சட்டியிலிருந்து ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "ஆமா, ஒன் கெணத்துத் தண்ணிதான். அதுக்கென்ன இப்ப? இங்கிட்டு வருதுல்ல, பிடி."

சேதுராக்குக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு ஒரு கணக்கு வழக்கு இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். விறகுக்கு ஆகும் என்று எந்தக் காலத்திலோ யாரோ தூவிவிட்டுப் போன விதை அந்தச் சீமைக்கருவேலம். ஆடு அதன் நெற்றைத் தின்று போன இடமெல்லாம் புழுக்கையோடு முளைத்தது. கண்மாய்க்குள் முளைத்தது, வரத்துக் கால்வாய்க்குள் முளைத்தது, சுடுகாட்டில் முளைத்தது, பள்ளிக்கூடத்துக் கக்கூஸில் முளைத்தது. அதை ஒழிக்கிறோம் என்று வருடா வருடம் மரத்தை ஏலம் எடுக்கிற கரிமூட்டக்காரர் தண்டுக்கு மேலே வெட்டி எடுத்துப்போவார், தோண்டுகிற கூலி கட்டாது என்று தூரை அப்படியே விட்டுவிடுவார், அடுத்த மழைக்கு ஒரு தூரில் பத்துக் கொம்பு கிளைத்து நிற்கும். அதற்கும் ஒரு விழா, ஒரு பந்தல், அருவாளோடு ஒரு போட்டோ. 'சீமைக்கருவேலத்தை வேரோடு ஒழிப்போம்' என்று ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் ஒரு பலகை இருந்தது, அந்தப் பலகையைத் தாங்கிய இரண்டு காலும் சீமைக்கருவேலக் கம்புதான்.

வேரோடு ஒழித்தது அந்த ஊரில் ஒரே ஒரு ஆள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிணறு வறண்டு, போட்ட குண்டு மிளகாய் நாற்றங்காலிலேயே கருகி, புருஷனும் பெண்டாட்டியுமாகச் செங்கல் சூளைக்குப் போய் எட்டு மாதம் கிடந்து வந்தபிறகு, சேதுராக்கு கடப்பாறையைத் தூக்கினாள். தன் புஞ்சையில் நின்ற இருபத்தேழு தூரையும் ஒவ்வொன்றாய், சுற்றிக் குழி பறித்து, பக்க வேரை அறுத்து, ஆணிவேர் போகிற ஆழம் வரைக்கும் போய்ப் பிடுங்கினாள். ஒரு தூருக்கு மூன்று நாள். முள் ஏறி இடது கைப் பெருவிரல் பாதி மரத்துப்போனது. இந்தச் சித்திரையில் கிணற்றில் ஊற்றுக்கண் திறந்து மூன்று முழம் தண்ணீர் நின்றது. புரட்டாசியில் நாற்றுப் பாவ அது போதும். அது இருந்தால் மிளகாய், இல்லையென்றால் மறுபடியும் சூளை. அவள் பிடுங்காமல் விட்டது இந்தப் பெரிய மரத்தை மட்டும்தான், அதுவும் கரைப் புறம்போக்கில் நின்றதால். நூறு நாள் வேலையில் அந்த மரத்தின் முறை வந்ததும் முதல் ஆளாய்க் கோடாலியை வாங்கியதற்கு அதுதான் காரணம்.

ஆறாவது வெட்டுப் போட விடவில்லை. ஊராட்சித் தலைவர் முத்திருளப்பன் வண்டியில் வந்து இறங்கி, இரண்டு கை ஏந்திக் குடித்து, மீதியைத் தலையில் தெளித்துக்கொண்டு, "கோடாலியக் கீழ போடுத்தா" என்றார். நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர், யாரையும் அதட்டமாட்டார், எந்தக் காரியத்தையும் முடிக்கவும் மாட்டார்.

"தலைவரே, இது நம்ம தண்ணியத்தான் குடிச்சு நமக்கே துப்புது. தூரோட எடுத்தா கெணத்துலயே நிக்கும்" என்றாள் சேதுராக்கு.

"கெணத்துல நின்னா எறைக்கணும். இதுல தெறந்தா வருது" என்றார் தலைவர்.

மறுநாளே வெட்டுவாயில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, சுற்றிலும் சிமெண்டு பூசி, கீழே குடம் வைக்க ஒரு மேடையும் கட்டிவிட்டார்கள். எட்டு வருடமாகக் கேட்டும் வராத மேஸ்திரி அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே வந்து நின்றான். குழாயைத் திறந்து மூட ஒரு ஆள் வேண்டும் என்றபோது, பக்கத்துப் புஞ்சைக்காரன் என்ற முறையில் மூக்கையாவைப் போட்டார்கள். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு அவன் வீட்டுக்கு வந்தபோது சேதுராக்கு அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு நம்ம கெணறு பெருசா, அந்தக் குழா பெருசா?"

மூக்கையா இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "ரெண்டு கோடை கெணத்துக்குள்ள கல்லு சொமந்தேன். ஒருத்தன் என்னையப் பாத்து வாங்கன்னு சொன்னானா? இன்னிக்கு ஊரே மூக்கையாண்ணே, மூக்கையாண்ணேங்குது. கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமே புள்ள."

அவள் உலையைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். கோபம் வந்த அளவுக்கு அவன்மேல் பாவமாகவும் இருந்தது.

ஊர் அந்த அதிசயத்தை ஒரு வாரத்தில் செரித்துவிட்டது. விடியுமுன்னே குடங்கள் வரிசையில் உட்கார்ந்தன, குடமில்லாதவர்கள் செங்கல்லை வைத்தார்கள், செங்கல் வைத்தவளுக்கும் உடைந்த வாளி வைத்தவளுக்கும் சண்டை வந்தது, சண்டையை விலக்கப் போனவர்கள் அப்படியே வரிசையில் நுழைந்துகொண்டார்கள். பிறகு ஆளாளுக்குத் துளைக்கும் கருவியை வாடகைக்கு எடுத்துவந்து தங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற கருவேலத்தைத் துளைத்துப் பார்த்தார்கள், எல்லா மரத்திலும் வந்தது. ஒன்றில் உப்பு, ஒன்றில் துவர்ப்பு, ஒன்றில் கரம்பை மண் வாசனை, மரத்துக்கு மரம் ஒரு ருசி. குடித்த மாத்திரத்தில், இது கோயில் கிணறு, இது பள்ளிக்கூடத்து அடிகுழாய், இது வாய்க்கா மேட்டு வீட்டார் மூடிப்போட்ட கிணறு என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். எந்தக் கிணற்றிலிருந்து எந்த மரம் குடித்தது என்று ஊரே நாக்கால் துப்புத் துலக்கியது, திருடன் பெயர் வரைக்கும் தெரிந்தது, அவனைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திருடன் வீட்டு வாசலில் போய் நின்று, எங்கள் வீட்டுப் பண்டத்தில் ஒரு கைப்பிடி போடுங்கள் ஐயா என்று ஏனம் ஏந்துகிற ஜனத்தை என்னவென்று சொல்வது.

ஒன்றியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தண்ணீரைச் சீசாவில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார், குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், ஒரு கேனில் வீட்டுக்கும் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு மரத்தை ஒழிக்கச்சொன்னது யார் என்று கேட்டார். நீங்கள்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவர் போன மறுநாள் ஊராட்சிப் பலகையில் 'ஒழிப்போம்' என்ற சொல்லின் மேல் வெள்ளையடித்து 'வளர்ப்போம்' என்று எழுதினார்கள். 'வேரோடு' என்பதை அழிக்கத் தேவைப்படவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் சேதுராக்கால் கண்கொண்டு பார்க்க முடியாதது. ஆட்டுப்பட்டியில் புழுக்கையைக் கிளறி விதை பொறுக்கினார்கள். பிளாஸ்டிக் பையில் செம்மண் நிரப்பி, வரிசையாய் அடுக்கி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, சீமைக்கருவேலத்துக்கு நாற்றங்கால் விட்டார்கள். மூன்று தலைமுறையாய் யாரும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றாமல் தானாய்க் காடாய்க் கிளம்பிய முள்ளுக்கு, நிழல்வலை கட்டினார்கள். பஞ்சவர்ணம் தன் வீட்டு வாசலில் இருந்த முருங்கையை வெட்டிவிட்டு அந்தக் குழியில் ஒரு கருவேலங்கன்றை நட்டு, ஆடு கடிக்காமலிருக்க அதற்கு முள்வேலியும் போட்டாள்.

"முள்ளுக்கு முள்ளுல வேலி போட்ட மொத பொம்பள நீதான்" என்றாள் சேதுராக்கு.

"ஒனக்குப் பொறாம" என்றாள் பஞ்சவர்ணம், வருத்தமில்லாமல். "ஒன் வயக்காட்டுல இருந்ததையெல்லாம் புடுங்கிப்புட்ட. இப்ப ஒனக்கு மரமில்ல. வரிசைல நிக்கணும். அதான்."

சேதுராக்கு வரிசையில் நிற்கவில்லை. ஆனால் தினமும் பொழுது கிளம்பியதும் தன் கிணற்றுக்குப் போனாள். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தாள். ஆடியில் மூன்று முடிச்சு நனைந்தது. ஆவணி பத்தில் இரண்டரை. ஆவணி கடைசியில் இரண்டு. கண்மாய்க்கரையில் குழாய் திறந்திருக்கிற நேரமெல்லாம் கிணற்றுக்குள் ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்டது, நுங்கைச் சப்புகிற குழந்தை போடுகிற சத்தம். உள்ளே எட்டிப்பார்த்தால் கிழக்குச் சுவரில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, பெருவிரல் மொத்தத்தில் ஒரு சிவப்பு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் அது இன்னொரு விரல் பருத்தது. தூரை விட்டுவிட்டு வேரை மட்டும் அறுத்தால் ஒன்றுக்குப் பத்தாய்க் கிளைக்கும் என்றுதான் அவள் அதில் கைவைக்கவில்லை. மரம் மூன்று குடம் குடித்து ஒரு குடம் கொடுத்தது. மீதி இரண்டையும் இலையாக்கி, நெற்றாக்கி, முள்ளாக்கி வைத்துக்கொண்டது.

ஆவணி முடிகிறபோது மற்ற மரங்களில் ஒவ்வொன்றாய்த் தண்ணீர் நின்றது. கோயில் மரம் நின்றது, கோயில் கிணற்றில் சேறுகூட இல்லை. பள்ளிக்கூடத்து மரம் நின்றது, அடிகுழாயை அடித்தால் காற்று வந்தது. கிணறு வற்றியதால் மரம் வற்றியது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நரிப்பொட்டலில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். மரத்துக்கு மனக்குறை என்றார்கள். துளைக்கும்போது ஒரு சூடம் கொளுத்தவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்றார்கள். வற்றிய மரங்களிடம் மன்னிப்புக் கேட்டு மஞ்சள் துணி கட்டிவிட்டு, ஊர் மொத்தமும் கண்மாய்க்கரைப் பெரிய மரத்துக்கு வந்தது. அதற்குத் தண்ணித்தாயி என்று பெயரும் வந்துவிட்டது. தண்ணித்தாயி மட்டும் ஏன் கொடுக்கிறாள் என்றால், ஊரில் தண்ணீர் இருந்தது ஒரே ஒரு கிணற்றில். இருபத்தேழு தூர் பிடுங்கியவள் கிணற்றில்.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. வழக்கமாய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிற கூட்டம், அன்றைக்குத் தண்ணித்தாயி அடியிலேயே பந்தல் போட்டு நடந்தது. பெரிய மரத்தைச் சுற்றி நூறடிக்குள் யாரும் மண்வெட்டி போடக்கூடாது என்று ஒரு தீர்மானம். அந்த நூறடியில் சேதுராக்கின் புஞ்சையும் பாதி விழுந்தது. அவள் எழுந்தாள். விடிகாலையில் வீட்டிலிருந்த விரலிமஞ்சள் அத்தனையையும் அம்மியில் வைத்து அரைத்த கை இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

"நான் சொன்னா நம்பமாட்டீக, அதனால ஒரு காரியம் செஞ்சுட்டு வந்திருக்கேன். பொழுது விடிய என் கெணத்துல ரெண்டு படி மஞ்சளக் கரைச்சு ஊத்தியிருக்கேன். இப்பக் குழாயத் தெறங்க. மஞ்சத்தண்ணி வந்துச்சுன்னா அது என் கெணறு. இந்த மரம் ஒண்ணும் குடுக்கல, எடுத்துக்கிட்டுத்தான் இருக்கு. ஒங்க கெணத்த எல்லாம் உறிஞ்சிருச்சு, கடைசியா என்னோடதுல வாய வச்சிருக்கு. இதுவும் போனா குடிக்க என்ன செய்வீக? தூரோட எடுத்துருவோம். எல்லாரும் ஒண்ணாச் சேந்தா ஒரு மாசம்."

அவள் பேசியது சரி என்று நாலைந்து முகங்களில் தெரிந்தது. தலைவர் கண்ணைக் காட்ட, மூக்கையா எழுந்துபோய்ச் சாவியைப் போட்டுக் குழாயைத் திறந்தான். முதலில் ஒரு ஏப்பம், பிறகு தண்ணீர். வெள்ளைக் குடத்தில் விழுந்ததும் எல்லோரும் பார்த்தார்கள், திருவிழாவில் மாமன் மச்சான்மேல் ஊற்றுகிற அதே பளீர் மஞ்சள்.

சேதுராக்குக்கு உடம்பு லேசானது. முடிந்தது என்று நினைத்தாள்.

பஞ்சவர்ணம்தான் முதலில் வாய்மேல் கை வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஆத்தே, தண்ணித்தாயி சமைஞ்சிட்டா."

அவ்வளவுதான். ஒரு குலவை கிளம்பியது. அதைப் பிடித்துக்கொண்டு பத்துக் குலவை, நாற்பது குலவை. பெண்கள் மரத்தை வளைத்துக்கொண்டு முந்தானையால் மறைத்தார்கள், ஆண்பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். ஒரு கிழவர் இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் கேட்டார். சேதுராக்கு மஞ்சள் கையை உயர்த்திக்காட்டி, "நான்தான் கரைச்சேன், நான்தான் ஊத்தினேன்" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பஞ்சவர்ணம் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆமாத்தா, நீதான் கரைச்ச. அவ ஏத்துக்கிட்டால்ல. மொத மஞ்சத்தண்ணி ஒன் கையால ஊத்தணும்னு இருந்திருக்கு. நீ குடுத்து வச்சவ."

மனுஷர் பொய் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். மெய்யைச் சொல்லி, அதைக் கேட்டு, ஒத்துக்கொண்டு, அதற்குப் பூவும் பொட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டால் என்ன செய்வது? சேதுராக்கு அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறாக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் சடங்கு என்று குறித்தார்கள். தலைவர் முத்திருளப்பன் தாய்மாமன் முறையை ஏற்றுக்கொண்டார். பச்சை ஓலை வெட்டிவந்து சமைந்த பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி மரத்தைச் சுற்றிக் குச்சில் கட்டினார். உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, மரத்தடியில் தினமும் ஒரு உருண்டை வைத்தார்கள், எறும்பு தின்றது. பந்தலுக்கு ஒலிபெருக்கி வந்தது. பத்திரிகை அடித்தார்கள், தாய் தகப்பன் பேர் போட வேண்டிய இடத்தில் 'ஊர் பொதுமக்கள்' என்று போட்டார்கள். ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள் சமைந்து, வசதியில்லாமல், வருடக்கணக்காய்ச் சடங்கு செய்யாமல் கிடந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் ஆரத்தித் தட்டுத் தூக்கி முன்னால் போகவேண்டும் என்று ஏற்பாடு.

சடங்கன்று காலையில் சேதுராக்கு கயிற்றை இறக்கிப் பார்த்தாள். அரை முடிச்சு நனைந்தது. எட்டு நாளும் விருந்தாளிகளுக்காகக் குழாயை மூடவே இல்லை, சடங்கின் முதல் குடத்துக்கென்று அன்றைக்கு விடியத்தான் மூடினார்கள். இன்னும் ஒரு நாள் ஓடினால் கிணறு சேறு, சேறானால் ஊற்றுக்கண் அடைபடும், அடைபட்டால் நாற்று இல்லை, தை மாதம் சூளை. அதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நூறடிக்குள் மண்வெட்டி போடக்கூடாது என்றுதான் தீர்மானம். கிணற்றுக்குள் அருவாள் போடக்கூடாது என்று ஒருவரும் எழுதவில்லை. சேலையை வரிந்து கட்டி, அருவாளைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினாள்.

வேர் அவள் தொடை மொத்தம் இருந்தது. கல்லைப் பிளந்துகொண்டு வந்து, கிணற்றின் அடி வரைக்கும் வளைந்து, நுனியில் நூறு வாயாய்ப் பிரிந்து தண்ணீருக்குள் கிடந்தது. தொட்டால் வெதுவெதுப்பாய் இருந்தது. மேலே ஒலிபெருக்கியில், சீர்த்தட்டு இருபத்தொன்று வருவதாகவும் எல்லோரும் வழிவிட வேண்டும் என்றும் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். "ஒனக்குச் சீரு" என்று சொல்லி முதல் வெட்டைப் போட்டாள். செங்கல் சூளை எட்டு மாதத்துக்கு ஒன்று, மரத்துப்போன பெருவிரலுக்கு ஒன்று, பஞ்சவர்ணம் வெட்டிய முருங்கைக்கு ஒன்று, ஆரத்தித் தட்டுத் தூக்க நிறுத்திய அந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு. எத்தனை வெட்டு என்று அதற்குமேல் எண்ணவில்லை. வேர் அறுந்து விழுந்தபோது, சுவருக்குள் போன பாதி, கையைச் சுட்டுக்கொண்டவன் இழுத்துக்கொள்கிற மாதிரி மண்ணுக்குள் இழுத்துக்கொண்டது. ஓட்டை வழியாய்த் தண்ணீர் திரும்பி வந்தது.

அங்கே பந்தலில், பட்டுச் சேலை சுற்றிய மரத்துக்கு முன்னால் முத்திருளப்பன் மாமன் முறைக்கு எடுத்த சரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் குடம் பிடிக்க மூக்கையா சாவியைத் திருகினான். ஒரு ஏப்பம் வந்தது. பிறகு காற்று. பிறகு அதுவும் இல்லை. மறுபடி திருகினான். மரத்தின் நுனியிலிருந்து பொடி இலைகள் பந்தல்மேல் சரசரவென்று உதிர்ந்தன. எல்லோரும் மரத்தைப் பார்க்க, மூக்கையா கிணற்றுப் பக்கம் பார்த்தான். சாவியை அரைஞாண் கயிற்றிலிருந்து அறுத்து மேடையில் வைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாய்ப் போனான்.

கிணற்றுக்குள் சேதுராக்கு மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். நெற்றியில் ரத்தமும் சேறும். தண்ணீர் கல் கல்லாய் ஏறிக்கொண்டிருந்தது.

"புள்ள" என்றான் மூக்கையா. "நான் கயிறு போடுறேன், ஏறி வா."

"அந்த வேர மொதல்ல இழுங்க. பொறவு நான் வாரேன்."

அவன் இழுத்தான். அறுந்த வேரையும் அவளையும் மேலே கொண்டுவந்து சேர்க்கிறதற்குள் ஊர் வெறுங்குடங்களோடு கிணற்றைச் சுற்றி நின்றது. காலையிலிருந்து சமையலுக்குத் தண்ணீர் இல்லை, வந்த விருந்தாளிகளுக்குக் குடிக்க இல்லை. தலைவர் முன்னால் வந்தார். முதல்முறையாய் அதட்டினார்.

"என்ன காரியம் பண்ணிப்புட்ட சேதுராக்கு? ஊருக்கே ஊத்துன தாயி."

சேதுராக்கு வாளியை இறக்கி ஒன்று இறைத்து, எதிரே நின்ற பஞ்சவர்ணத்திடம் நீட்டினாள். பஞ்சவர்ணம் கை ஏந்திக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அதே தண்ணிதான்" என்றாள். அவள் குரலில் ஆச்சரியமும் இல்லை, வெட்கமும் இல்லை. இடுப்பிலிருந்த குடத்தை எடுத்து முன்னால் வைத்தாள், ஊற்று என்று.

அப்போதுதான் சேதுராக்குக்குக் கோபம் முழுசாய் வந்தது. ஆடி மாதத்திலிருந்து சேர்த்துவைத்த கோபம். வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள், அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"குடிக்க ஆளுக்கு ஒரு வாய் சும்மா. கொழந்தைக்கும் நோயாளிக்கும் ஒரு சொம்பு சும்மா. குடம் வேணும்னா வேரோட வாங்க. ஒரு குடத்துக்கு ஒரு வேரு. அவுகவுக வீட்டு மரத்துல தோண்டுங்க, அவுகவுக கெணத்துல எறங்குங்க. கும்பிட்டீகல்ல, அந்தக் கையாலயே புடுங்குங்க."

"இது அநியாயம்" என்று யாரோ சொன்னார்கள்.

"ஆமா" என்றாள் சேதுராக்கு. "ஒங்க அநியாயத்துல இருந்து ஒரு குடந்தான் எடுத்திருக்கேன்."

வெயில் ஏறியது. ஒருத்தரும் அசையவில்லை. பஞ்சவர்ணம் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு முனகிக்கொண்டே போனாள். அரை மணிநேரம் கழித்து, வாசலில் நட்ட கருவேலங்கன்றைப் வேரோடும் மண்ணோடும் பிடுங்கி எடுத்துவந்து காலடியில் போட்டாள், சேதுராக்கு குடத்தை நிரப்பினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி போனாள். மத்தியானத்துக்குள் ஊரில் கடப்பாறைச் சத்தம் நாலா பக்கமும் கேட்டது. ஆரத்தித் தட்டுத் தூக்க வந்த பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து நாற்றங்காலையே கவிழ்த்து, இருநூறு கன்றைச் சாக்கில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூக்கையா இறைத்துக்கொண்டே இருந்தான்.

முத்திருளப்பன் வீட்டிலும் தண்ணீர் இல்லை. பொழுது சாயப் போகும்போது, சரிகை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கக்கத்தில் ஒரு பித்தளைக் குடமும் கையில் ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ ஒன்றுமாய் அவர் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். முன்னால் நின்றவர்கள் வழிவிடவில்லை. அவர் முறை வந்ததும் கையிலிருந்ததைச் சேதுராக்கின் காலடியில் போட்டார், பக்கத்தில் யாராவது போட்டோ எடுக்கிறார்களா என்று பழக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சேதுராக்கு குனிந்து அதை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது சல்லிவேரு தலைவரே. ஆணிவேரோட வாங்க."